கேட் பீப்பிள் (1942): காசில்லாமல் இருட்டில் எடுத்த படமா?

கேள்வி இது: "1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தை உளவியல் திகில் படங்களுக்கு முன்னோடி என்கிறார்கள். பார்த்தேன். பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. கையில் பணமில்லாமல் இருட்டில் எடுத்ததைத்தான் இப்போது கலை என்று கொண்டாடுகிறார்களா? பெருமை யாருக்குப் போக வேண்டும், இயக்குநருக்கா, தயாரிப்பாளருக்கா?"

இரண்டும் நியாயமான கேள்விகள். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். 73 நிமிடப் படம்தான், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து மேலே படியுங்கள்.

பணம் குறைவு என்பது உண்மை. அதனால்தான் இருட்டு வந்தது என்பது கட்டுக்கதை. அந்தக் கட்டுக்கதை பரவியதற்கே ஒரு சினிமா காரணம், அதற்குப் பிறகு வருகிறேன்.

பார்த்து நாளானவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரீனா டுப்ரோவ்னா செர்பியாவிலிருந்து நியூயார்க் வந்த பெண். உடைகளுக்கு மாதிரிப் படம் வரைவது வேலை. மிருகக்காட்சிசாலையில் கருஞ்சிறுத்தைக் கூண்டின் முன் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கும்போது ஆலிவர் ரீட் பழக்கமாகிறான். கப்பல் கட்டும் நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவன். காதல், கல்யாணம் எல்லாம் மளமளவென்று நடந்துவிடுகின்றன. ஆனால் இரீனா கணவனை ஒரு முத்தத்துக்குக்கூட நெருங்க விடுவதில்லை. தன் ஊரில் ஒரு சாபக்கதை உண்டு, அந்த வம்சத்துப் பெண்கள் ஆசையோ பொறாமையோ கோபமோ கிளர்ந்தால் சிறுத்தையாக மாறிக் கொன்றுவிடுவார்கள், தானும் அவர்களில் ஒருத்தி என்பது அவள் பயம். ஆலிவர் அவளை மனோதத்துவ மருத்துவர் ஜட்டிடம் அனுப்புகிறான். இன்னொரு பக்கம், தன்னோடு வேலை பார்க்கும் ஆலிஸிடம் மனசு சாய்கிறான். இரீனாவுக்கு அது தெரியவருகிறது.

இனி, இதை எடுத்தவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்று பார்ப்போம்.

1942இல் ஆர்கேஓ ஸ்டூடியோ கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' பெயர் வாங்கித் தந்தது, பணம் தரவில்லை. அடுத்து வந்த 'தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்' பெரிய நஷ்டம். தயாரிப்புப் பொறுப்புக்குப் புதிதாக வந்த சார்லஸ் கோர்னர் காலத்தில் ஸ்டூடியோவின் கோஷமே மாறியது: மேதைமைக்குப் பதிலாக ஜனரஞ்சகம். யாரைக் குத்துகிறார்கள் என்று ஹாலிவுட்டில் எல்லோருக்கும் புரிந்தது. அதே சமயம் யுனிவர்சல் ஸ்டூடியோ 1941 கடைசியில் வெளியிட்ட 'தி வுல்ஃப் மேன்' நன்றாக ஓடியது. முகத்தில் முடி ஒட்டிய ஓநாய் மனிதன் காசு கொட்டுகிறானே, நாமும் மலிவாகத் திகில் படம் எடுத்தால் என்ன என்று ஆர்கேஓ யோசித்தது. அந்தச் சின்னப் பட்ஜெட் பிரிவை நடத்த ஆள் தேடியபோது கிடைத்தவர்தான் வால் லூட்டன்.

லூட்டன் 1904இல் கருங்கடல் ஓரத்து யால்டாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயோடு அமெரிக்கா வந்துவிட்டார். மௌனப்பட நட்சத்திரம் அல்லா நாசிமோவா இவருடைய சித்தி. பிழைப்புக்காகப் பல புனைபெயர்களில் நாவல்கள் எழுதித் தள்ளினார். பிறகு தயாரிப்பாளர் டேவிட் ஓ. செல்ஸ்னிக்கிடம் கதைப் பிரிவு ஆசிரியராகப் பல வருடம் குப்பை கொட்டினார். அடுத்தவர் எழுதியதைத் திருத்துவதும் ஓரத்தில் குறிப்பெழுதுவதும்தான் அங்கே வேலை, பெயர் திரையில் வராது. 1930இலேயே 'வியர்ட் டேல்ஸ்' இதழில் 'பகீட்டா' என்று ஒரு சிறுகதை எழுதியிருந்தார். பாதி சிறுத்தை, பாதி பெண் என்று ஊரே நம்பும் ஒரு மிருகத்தைப் பற்றியது. அதாவது இந்த விதை அவரிடம் பன்னிரண்டு வருடமாகக் கிடந்தது. போதாக்குறைக்கு, அவருக்குப் பூனை என்றாலே பயம் என்றும் சொல்வார்கள்.

ஸ்டூடியோ போட்ட நிபந்தனைகள் மூன்று. படம் 1,50,000 டாலருக்குள் முடிய வேண்டும். 75 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தலைப்பை ஸ்டூடியோ கொடுக்கும், அதற்குக் கதை பண்ணிக்கொள்ள வேண்டும். முதலில் வந்த தலைப்பு 'கேட் பீப்பிள்'. அதைக் கேட்டு லூட்டன் நொந்துபோய், "விலகிக்கொள்வதென்றால் இப்போதே விலகிக்கொள்ளலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்" என்கிற தொனியில் தன்னிடம் பேசியதாகத் திரைக்கதையாசிரியர் டிவிட் போடீன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

போடீன் விலகவில்லை. இயக்குநராக வந்தவர் ழாக் டூர்னர். பாரிஸில் பிறந்தவர், மௌனப்பட இயக்குநர் மாரிஸ் டூர்னரின் மகன். செல்ஸ்னிக்கின் 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' படத்தில் பாஸ்டில் சிறைத் தகர்ப்புக் காட்சிகளை எடுத்த இரண்டாவது யூனிட்டில்தான் (முதன்மை இயக்குநர் இல்லாமல் தனியாகப் படமெடுக்கும் துணைக்குழு) இவரும் லூட்டனும் நண்பர்களானார்கள். ஒளிப்பதிவு நிக்கலஸ் முசுராக்கா. 1940லேயே 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி தேர்ட் ஃப்ளோர்' படத்தில் சுவரெல்லாம் நிழல் கோலம் போட்டுக் காட்டியவர். எடிட்டர் மார்க் ராப்சன். வெல்ஸ் படங்களின் எடிட்டிங் அறையில் ராபர்ட் வைஸுக்கு உதவியாளராக இருந்தவர். வெல்ஸ் வெளியே போனதும் அவரோடு வேலை பார்த்தவர்களையும் ஸ்டூடியோ ஓரங்கட்டி, மலிவுப் படங்களின் பக்கம் தள்ளிவிட்டது. லூட்டனுக்கு அது அதிர்ஷ்டம். இரீனாவின் வீட்டில் அந்தப் பிரமாண்டமான மாடிப்படியைப் பார்த்து, மலிவுப் படத்தில் இது எப்படி என்று தோன்றியிருக்குமே? அது ஆம்பர்சன்ஸ் படத்துக்குப் போட்ட செட். ஸ்டூடியோவைக் கவிழ்த்த படத்தின் மாடிப்படியில்தான் அதைத் தூக்கி நிறுத்த வந்த படத்தின் நாயகி ஏறி இறங்குகிறாள்.

இப்போது அந்தக் கட்டுக்கதைக்கு வருவோம். 1952இல் வின்சென்ட் மின்னெல்லி எடுத்த 'தி பேட் அண்ட் தி பியூட்டிஃபுல்' படத்தில் கிர்க் டக்ளஸ் ஒரு தயாரிப்பாளர். பூனை மனிதர்களை வைத்து ஒரு மலிவுப் படம் எடுக்க வேண்டும். வேடத்துணியைப் போட்டுக்கொண்டு ஆட்கள் வந்து நிற்கிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. என்ன செய்வது என்று யோசித்து விளக்கை அணைக்கிறார். இருட்டு பிறக்கிறது! அருமையான காட்சி, லூட்டனை மனதில் வைத்து எழுதியது என்பதும் வெளிப்படை. பலர் இதையே நடந்த கதையாக எடுத்துக்கொண்டார்கள்.

நடந்தது வேறு. வேடம் போட்ட ஆள் வேண்டாம் என்பது லூட்டன் ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. கணக்குப் போட்டுப் பார்த்தாலும் கட்டுக்கதை நிற்காது. முகமூடியும் ஒட்டுமுடியும் மலிவு, அந்தக் காலத்து மூன்றாந்தரப் படங்களில்கூட அவை உண்டு. எந்த விளக்கு எங்கே இருக்க வேண்டும், சுவரில் எவ்வளவு தூரம் நிழல் விழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஒளி அமைப்பதுதான் நேரத்தைத் தின்னும் வேலை. பணமில்லாதவன் அந்த வழிக்குப் போக மாட்டான்.

இன்னொன்று, காட்டாமல் விட்டதற்கு அவர்கள் சண்டை போட வேண்டியிருந்தது. படப்பிடிப்பு தொடங்கிய சில நாளிலேயே மேற்பார்வை பார்த்த லூ ஓஸ்ட்ரோ, அதுவரை எடுத்திருந்த பகுதிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு டூர்னரை மாற்றச் சொல்லிவிட்டார். லூட்டன் நேரே கோர்னரிடம் முறையிட்டு அவரைக் காப்பாற்றினார். சிறுத்தையைத் திரையில் காட்டியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி மட்டும் தீரவில்லை. ஆலிவரும் ஆலிஸும் இரவில் அலுவலகத்தில் மாட்டிக்கொள்ளும் காட்சியில் மேசைகளுக்கு அடியில் ஒரு கருஞ்சிறுத்தை நடமாடுகிறதே, அது அந்த நெருக்கடியில் வந்தது. அங்கேயும் முசுராக்கா விட்டுக்கொடுக்கவில்லை. அறையில் வேறு விளக்கே இல்லை, வரைபட மேசைகளின் கண்ணாடிக்கு அடியிலிருந்து வரும் வெளிச்சம் மட்டும். முகங்கள் கீழேயிருந்து ஒளி வாங்குகின்றன, கூரை இருண்டு கிடக்கிறது. ஆலிவர் கையில் கிடைத்த டி-ஸ்கொயரை (வரைபடம் போட உதவும் T வடிவ அளவுகோல்) எடுத்து முன்னால் நீட்டுகிறான், சுவரில் அது சிலுவையாக விழுகிறது. தன் தொழிலின் கருவியையே சிலுவையாகப் பிடித்துக்கொண்டு, கடவுள் பேரால் எங்களை விட்டுவிடு இரீனா என்று கெஞ்சுகிறான். சிறுத்தை தெரியும் சில நொடிகளைத்தான் நான் இந்தப் படத்தின் பலவீனமான நொடிகள் என்பேன். கறுப்பாக ஒரு விலங்கு, அவ்வளவுதான். டி-ஸ்கொயரின் நிழல் மறக்காது.

படத்தின் உச்சம் எது என்று கேட்டால் எல்லோரும் பேருந்துக் காட்சியைச் சொல்வார்கள். நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஏன் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இரவு. ஆலிஸ் ஆலிவரிடம் விடைபெற்றுக்கொண்டு, சென்ட்ரல் பார்க்கை ஊடறுத்துப் போகும் சாலையோரமாகத் தனியே நடக்கிறாள். ஒரு பக்கம் உயரமான கல் சுவர். தெருவிளக்குகள் இடைவெளி விட்டு இருக்கின்றன, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வட்டம் வெளிச்சம், நடுவில் கும்மிருட்டு. இரீனா பின்னால் வருகிறாள். பின்னணி இசை கிடையாது. இரண்டு ஜோடி ஹீல்ஸின் சத்தம் மட்டும். ஆலிஸின் கால்கள், இரீனாவின் கால்கள், மறுபடி ஆலிஸ், மறுபடி இரீனா என்று ராப்சன் மாற்றி மாற்றி வெட்டுகிறார். இரீனாவின் நடை வேகமெடுக்கிறது. நமக்கு ஒரு தாளம் பழகிவிடுகிறது: ஆலிஸ் கடந்து போன வெளிச்ச வட்டத்துக்குள் சற்று நேரத்தில் இரீனா வர வேண்டும்.

ஒரு கட்டத்தில் அவள் வருவதில்லை. வட்டம் வெறுமனே கிடக்கிறது. இரண்டாவது ஜோடி ஹீல்ஸின் சத்தம் நின்றுபோயிருக்கிறது. சத்தம் கேட்டதால் பயப்படுவது எல்லாப் படத்திலும் உண்டு, இங்கே சத்தம் நின்றதுதான் ஆலிஸைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. ஹீல்ஸ் போட்ட கால் நின்றுவிட்டது என்றால் இப்போது எந்தக் கால் நடக்கிறது? படம் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆலிஸ் ஓட ஆரம்பிக்கிறாள். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவள் பார்ப்பது ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்திலிருந்து காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு சீறல். மிருகம் பாய்ந்துவிட்டது என்று உடம்பு முடிவுகட்டிய நொடியில் திரையின் வலது ஓரத்திலிருந்து ஒரு பேருந்து புகுந்து நிற்கிறது. சீறியது அதன் பிரேக். ஓட்டுநர் சாவகாசமாக, பேயைப் பார்த்தவள் மாதிரி இருக்கிறாயே என்கிறார். ஆலிஸ் ஏறிப் போய்விடுகிறாள். சுவருக்கு மேலே கிளைகள் அசைகின்றன.

இந்த உத்திக்கு ஹாலிவுட் எடிட்டர்கள் மத்தியில் 'லூட்டன் பஸ்' என்றே பெயர் வந்துவிட்டது. இன்றைக்குத் திகில் படங்களில் திடுக்கென்று பூனை பாய்வதும், தோளில் நண்பன் கை விழுவதும் இதன் வாரிசுகள்தான். வாரிசுகளுக்கு மூலத்தின் புத்தி வரவில்லை. இப்போது திடுக்கிட வைப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. லூட்டன் படத்தில் பேருந்து போன பிறகும் காட்சி தொடர்கிறது: சில ஆடுகள் செத்துக் கிடக்கின்றன. ஈர மண்ணில் மிருகத்தின் காலடித் தடங்கள் போகின்றன, போகப் போக அவை ஹீல்ஸ் தடங்களாகின்றன. இரீனா கைக்குட்டையை வாயில் ஒற்றிக்கொண்டு நடந்துவருகிறாள். அடுத்து, வீட்டில் குளியல் தொட்டிக்குள் முதுகு காட்டி உட்கார்ந்து அழுகிறாள். அந்தத் தொட்டியின் கால்களைக் கவனியுங்கள், மிருக நகம் வடிவில் வார்த்தவை.

நீச்சல்குளக் காட்சியும் இதே வகை, இன்னும் எளிமையானது. ஆலிஸ் தனியாகக் குளிக்கப் போகிறாள், மாடிப்படியில் ஏதோ உறுமுகிறது, குளத்தில் குதித்து நடுவே மிதந்துகொண்டு சுற்றிச் சுற்றிப் பார்க்கிறாள். தண்ணீரின் ஒளிநெளிவுகள் சுவரிலும் கூரையிலும் ஆடுகின்றன, சிப்பி ஓட்டுக்குள் இருப்பது போல ஒவ்வொரு சத்தமும் எதிரொலிக்கிறது. சுவரில் ஒரு நிழல் நகர்கிறது. அது தன் முஷ்டியின் நிழல்தான் என்று டூர்னர் சொல்லியிருக்கிறார். விளக்கைப் போட்டால் இரீனா ஓரமாகச் சாதாரணமாக நிற்கிறாள். ஆலிஸின் மேலங்கி நார் நாராகக் கிழிந்து கிடக்கிறது.

சரி, இவ்வளவும் கைவண்ணம். கேள்வியில் இருந்த 'உளவியல் திகில்' என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் படம் அந்த வகையில் ஒரு விசித்திரப் பிறவி.

உளவியல் திகில் என்றால் பொதுவாக, நடப்பது நிஜமா மனப்பிரமையா என்று கடைசிவரை சொல்லாமல் வைத்திருக்கும் கதை என்பார்கள். 'கேட் பீப்பிள்' அப்படித் தொடங்குகிறது, ஆனால் அப்படி முடிவதில்லை. அந்தக் காலடித் தடங்களைப் பார்த்த பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை, இரீனா சொன்னது உண்மை. பாதிப் படத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. மீதிப் படம் முழுக்க, அவளைச் சுற்றி இருக்கும் நல்லவர்கள் யாரும் அதை நம்ப மறுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உண்மையான பயம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

இரீனாவுக்குத் தன்னைக் கண்டுதான் பயம். இதற்கு முன் வந்த ஓநாய் மனிதனும் தன் நிலைக்காக அழுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனுக்கு நடந்தது ஒரு விபத்து, கடிபட்டான், மாறினான். இரீனாவுக்கு அது பிறப்போடு வந்தது. கிராமத்துப் பிள்ளைகள் அவள் தாயைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்து மனதில் ஏற்றிவைத்தது. கல்யாணத்துக்கு முன்பே ஆலிவரிடம் கதையைச் சொல்லிவிடுகிறாள். சிங்கங்கள் கர்ஜிப்பது கடல் சத்தம் மாதிரி இதமாக இருக்கிறது, சிறுத்தை மட்டும் பெண் அலறுவது போலக் கத்துகிறது, அது பிடிக்கவில்லை என்கிறாள். இவ்வளவு தெளிவாகச் சொன்னவளுக்கு அவன் தரும் பதில், இதெல்லாம் பாட்டி கதை என்பதுதான்.

கல்யாண விருந்து ஒரு செர்பிய உணவகத்தில் நடக்கிறது. கறுப்பு உடையில் பூனை முகத்தோடு ஒரு பெண் வேறு மேசையிலிருந்து எழுந்து வந்து, செர்பிய மொழியில் இரண்டே சொல் பேசுகிறாள்: என் சகோதரியே. இரீனா சிலுவைக்குறி போட்டுக்கொள்கிறாள். அந்தப் பெண் வெளியே பனியில் போய்விடுகிறாள், படத்தில் மறுபடி வருவதே இல்லை. நடித்தவர் எலிசபெத் ரஸ்ஸல், குரல் மட்டும் சிமோன் சிமோன் கொடுத்தது என்பார்கள். அதாவது இரீனாவை அழைத்தது இரீனாவின் குரலே. அரை நிமிடம்கூட இல்லாத இந்தக் காட்சியில், இந்தப் பெரிய நகரத்தில் இரீனாவை அடையாளம் கண்டுகொண்ட ஒரே ஜீவன் வந்துபோகிறது. அவளைத்தான் இரீனா கண்டு நடுங்குகிறாள்.

மருத்துவர் ஜட்டாக வருபவர் டாம் கான்வே. படம் தொடங்கும்போதே இந்தக் கற்பனை மருத்துவர் எழுதிய கற்பனைப் புத்தகத்திலிருந்து ஒரு மேற்கோளைத் திரையில் போடுகிறார்கள், ஏதோ பெரிய அறிவியல் நூல் போல. அதே மருத்துவர்தான் கதையில் எல்லாவற்றையும் தப்பாகப் புரிந்துகொள்கிறவர். முத்தமிட்டால் சிறுத்தையாகிவிடுவேன் என்று ஒரு நோயாளி சொல்கிறாள், சரி, முத்தமிட்டே பார்த்துவிடலாம் என்று நெருங்குகிறார். கைத்தடிக்குள் கத்தி வைத்திருக்கும் ஆள் அவர். அதற்கப்புறம் நடப்பதை நிழலாகத்தான் பார்க்கிறோம். மனோதத்துவம் ஹாலிவுட்டுக்கு அப்போதுதான் மோகமாகிக்கொண்டிருந்த காலம். அந்த நேரத்தில் மனோதத்துவ மருத்துவரைக் காமுகராகவும் சாபக்கதையை உண்மையாகவும் வைத்த துணிச்சலை நான் ரசிக்கிறேன். கடைசியில் கூண்டின் அருகே இரீனா செத்துக் கிடக்கும்போது ஆலிவர் சொல்லும் ஒரே வாக்கியம், அவள் நம்மிடம் பொய்யே சொன்னதில்லை என்பது. ரொம்பத் தாமதம்.

தாம்பத்தியப் பயத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக 1942 தணிக்கையைத் தாண்டி எப்படிப் பேசினார்கள் என்று கேட்கலாம். சாபக்கதை இருந்ததே, அது போதும். கல்யாண ராத்திரி கதவுக்கு இந்தப் பக்கம் இரீனா மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பக்கம் கணவன், தூரத்தில் மிருகக்காட்சிசாலையில் உறுமல். தணிக்கைக்காரருக்கு வெட்ட எதுவும் கிடைக்காது.

குறை இல்லையா? இருக்கிறது. ஆலிவராக நடித்த கென்ட் ஸ்மித் மரக்கட்டை. வாழ்க்கையில் இதுவரை கஷ்டமே பட்டதில்லை என்று அவனே சொல்கிறான், பார்த்தாலே தெரிகிறது. நடிப்பின் குறையா, பாத்திரமே அப்படியா என்று வாதாடலாம், எனக்கு இரண்டும் என்று தோன்றுகிறது. ஜேன் ராண்டால்ஃபின் ஆலிஸ் புத்திசாலி, தைரியசாலி, ஆனாலும் வெளிநாட்டுக்காரி போய்ச் சேர்ந்ததும் அமெரிக்கப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைத்துவிடுகிறான் என்று முடிவது இன்றைக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. சிமோன் சிமோன்தான் படத்தைச் சுமக்கிறார். பிரான்சில் ழான் ரெனுவாரின் 'லா பெத் யூமேன்' படத்தில் நடித்துவிட்டு வந்தவர். முகம் செல்லப்பூனை மாதிரி, கண்ணில் ஓயாத கலக்கம். ஆங்கிலம் அவருக்குச் சரளமில்லை என்பதும் இரீனாவுக்குப் பொருந்திப்போகிறது.

இனி இரண்டாவது கேள்வி, யாருடைய படம்?

ஒரு பெயர்தான் சொல்ல வேண்டும் என்றால் லூட்டன் என்பேன். அவர் தயாரித்த படங்களின் திரைக்கதையை எல்லாம் கடைசி வடிவத்துக்குக் கொண்டுவந்து எழுதியது அவரே, பெரும்பாலும் பெயர் போட்டுக்கொள்ளாமல். பின்னால் வந்த இரண்டு படங்களில் மட்டும் கார்லோஸ் கீத் என்ற புனைபெயர் தெரியும். தன் சூத்திரத்தைப் பத்திரிகைக்காரர்களிடம் ஒளிக்காமல் சொன்னார்: ஒரு காதல் கதை, திகிலை உணர்த்த மட்டும் செய்கிற மூன்று காட்சிகள், நிஜ வன்முறை ஒன்று, எழுபது நிமிடத்தில் முடிந்தது. இன்னொரு பழக்கமும் அவருடையது. பாத்திரங்களுக்கு உண்மையான வேலை கொடுப்பார், அந்த வேலையை அவர்கள் செய்வதைக் காட்டுவார். இரீனா வரைகிறாள், ஆலிவர் வரைபடம் போடுகிறான். சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் மின்னியாக வரும் டெரசா ஹாரிஸ் கறுப்பினப் பெண், அந்தக் கால ஹாலிவுட் வழக்கப்படி கோமாளியாக்காமல், வாடிக்கையாளரிடம் சமமாகப் பேசும் மனுஷியாக வருகிறார். இப்படித் தரையில் கால் ஊன்றிய உலகத்துக்குள் சிறுத்தை நுழைவதால்தான் நம்ப முடிகிறது.

ஆனால் லூட்டன் எழுத்துக்காரர். எழுதிவைத்த 'ஆலிஸ் நடந்து போகிறாள்' என்பதை அந்த நடையாக்கியது டூர்னரின் நிதானம், முசுராக்காவின் விளக்கு வட்டங்கள், ராப்சனின் கத்தரி. இதைச் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. டூர்னரும் முசுராக்காவும் லூட்டன் இல்லாமல் 1947இல் எடுத்த 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' அதே இருட்டோடு அற்புதமாக இருக்கிறது. டூர்னர் இல்லாமல் லூட்டன், ராப்சனை இயக்குநராக்கி 1943இல் எடுத்த 'தி செவன்த் விக்டிம்' இதைவிடவும் இருண்ட படம், ஆனால் கதை அங்கங்கே தடுக்கி விழுகிறது. மனச்சோர்வு லூட்டனுடையது, ஒழுங்கு டூர்னருடையது என்று நான் பிரித்துக்கொள்வேன். 1957இல் இங்கிலாந்தில் டூர்னர் எடுத்த 'நைட் ஆஃப் தி டீமன்' படத்திலும் தயாரிப்புத் தரப்பு பூதத்தைப் பெரிதாகக் காட்ட வைத்தது, தனக்கு அதில் சம்மதமில்லை என்று அவர் பின்னாளில் சொன்னார். அலுவலக அறைச் சிறுத்தையின் கதைதான், பதினைந்து வருடம் கழித்து. இந்த முறை மல்லுக்கட்ட லூட்டன் உயிரோடு இல்லை.

'கேட் பீப்பிள்' செலவைப் போலப் பல மடங்கு சம்பாதித்தது. உடனே 'ஐ வாக்ட் வித் எ ஸாம்பி', 'தி லெப்பர்ட் மேன்' என்று டூர்னரோடு இன்னும் இரண்டு. அதற்கப்புறம் ஸ்டூடியோ டூர்னரைப் பெரிய படங்களுக்கு எடுத்துக்கொண்டது. வெற்றிகரமான ஜோடியைப் பிரித்தால் இரண்டு வெற்றி கிடைக்கும் என்ற கணக்கு. 1944இல் இரண்டாம் பாகம் எடுக்கச் சொல்லி 'தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்' என்ற தலைப்பைத் தந்தார்கள். லூட்டன் அதில் சிறுத்தையே வைக்கவில்லை. ஆலிவர்-ஆலிஸ் தம்பதியின் மகள், தோழர்கள் இல்லாமல் தனிமையில் வாடும் குழந்தை, செத்துப்போன இரீனாவைத் தோழியாகக் கற்பனை செய்துகொள்கிறாள். சாபம் என்று தலைப்பு போட்ட படத்தில் குழந்தை மனதைப் பற்றிப் பேசினார்! குந்தர் வான் ஃப்ரிட்ச் மெதுவாக எடுத்ததால் பாதியில் மாற்றப்பட்டு, எடிட்டர் ராபர்ட் வைஸ் முதன்முறையாக இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தது இதில்தான். அதே வைஸ் 1963இல் 'தி ஹாண்டிங்' எடுத்தபோது, கதவுக்கு வெளியே என்ன தட்டுகிறது என்று கடைசிவரை காட்டவில்லை. எங்கே கற்றார் என்று தெரிகிறது அல்லவா?

லூட்டனுக்கு மட்டும் நன்றாக முடியவில்லை. நடிகர் போரிஸ் கார்லாஃபை வைத்து எடுத்த மூன்று படங்களில் கடைசியான 'பெட்லம்' 1946இல் ஓடவில்லை. ஆர்கேஓவை விட்டு வெளியே வந்து பெரிய ஸ்டூடியோக்களில் மூன்று படம், எதிலும் பழைய லூட்டன் இல்லை. 1951 மார்ச்சில் மாரடைப்பில் போனபோது வயது 46. அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 'கேட் பீப்பிள்' 1993இல்தான் சேர்ந்தது. நடுவில் 1982இல் பால் ஷ்ரேடர் அதை மறுபடி எடுத்தார். அதில் உருமாற்றம், ரத்தம், நிர்வாணம் எல்லாமே திரையில் தாராளம். உங்கள் கேள்விக்குப் பக்கத்துப் பக்கமாக வைத்து ஒப்பிட அதைவிட வசதியான படம் கிடைக்காது. ஷ்ரேடர் படத்திலும் நீச்சல்குளக் காட்சி உண்டு, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.

மறுமுறை 1942 படத்தைப் பார்க்கும்போது பகலிலும் வேண்டாம், ஃபோனிலும் வேண்டாம். முசுராக்காவின் கறுப்பு ஃபோன் திரையில் வெறும் சாம்பலாகிவிடும். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், ஹீல்ஸ் சத்தம் எந்த நொடியில் நிற்கிறது என்று பிடிக்க முடிகிறதா பாருங்கள். பிடித்திருந்தால் அடுத்தது 'ஐ வாக்ட் வித் எ ஸாம்பி', கரும்புத் தோட்டத்தின் நடுவே இரண்டு பெண்கள் இரவில் நடந்து போகும் ஒரு நீண்ட காட்சி அதில் இருக்கிறது. 'தி செவன்த் விக்டிம்' அதற்கும் பிறகு, மனசு சரியில்லாத நாளில் வேண்டாம்.